பதினான்கு வயது அப்பா

என் வெற்றிலைவாய் அப்பாவுக்கு,

வெட்கக்கேடான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் எனக்கு வாய் வராது. பாடசாலைப் பிள்ளைகளின் மனதைக் கவனிக்கும் படிப்பு என்று கண்டிக்குப் போய் நான் ஒரு டிப்ளோமா வாங்கினேனே, அதற்காக எழுதிக் கொடுத்த அறிக்கையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். பெயரை வெளியிடக் கூடாது என்பது விதி, அதனால் 'மா.' என்று மட்டும் போட்டிருந்தேன். அந்தப் பையன் நீங்கள்தான்.

மீசையை எடுத்தேன். முழங்கால் வலியை 'விளையாட்டில் நாட்டம் குறைவு' என்று மாற்றினேன். வெற்றிலையை என்ன செய்வதென்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டு, 'பென்சில் கடிக்கும் பழக்கம் உண்டு' என்று எழுதினேன். பேரப்பிள்ளைகளெல்லாம் தம்பி தங்கைகள் ஆனார்கள். அம்மா இறந்ததை மட்டும் மாற்றவில்லை. உங்களுக்கு மனைவி, அவனுக்குத் தாய். துக்கம் இரண்டு பேருக்கும் அளவாகத்தான் பொருந்தியது.

இதை நம் பங்குக் கோவில் பத்திரிகையில் போடுகிறார்கள் அப்பா. வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் ஊர்வம்பு எழுதி நாலு பேரைச் சிரிக்க வைப்பேன். பாதிரியாரின் மோட்டார் சைக்கிள், பாடகர் குழுவில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, இந்த மாதிரி. இந்த மாதம் வம்பு நம் வீட்டு வம்பு. வாசிக்கிறவர்கள் இங்கேயே பக்கத்தைத் திருப்பிவிடலாம். திருப்ப மாட்டார்கள். பதுளைக்காரர்களை எனக்குத் தெரியாதா?

நான் அந்தப் படிப்புக்குப் போன கதையே ஒரு விபத்து. பாடசாலைகளில் பிள்ளைகளின் மனக்குறைகளைக் கேட்க ஆள் வேண்டும், ஒரு ஆசிரியரை அனுப்புங்கள் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். எங்கள் பாடசாலை அதிபர், ஆசிரியர்கள் கூட்டத்தில், "யார் போறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பக்கத்திலிருந்த டீச்சரிடம் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தேன், அதனால் குனியத் தவறிவிட்டேன்.

விடுமுறைகளில் கண்டியில் விரிவுரை. தவணைக் காலத்தில் பதுளையில் செய்முறை. பிள்ளை வளர்ச்சி, பரீட்சிக்கும் முறைகள், கணக்கு கணக்காக ஒரு பாடம், அதில் சராசரியிலிருந்து யார் எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் ஆக விலகியிருந்தது நான்தான். பட்டம் வாங்கிய இளசுகளுக்கு நடுவில், தலையில் நரை எட்டிப்பார்க்க, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரீட்சைப் படங்கள் எல்லாம் சீமையில் செய்தவை. ஒரு படத்தில் ஒரு வீடு, புகைபோக்கி, மரம். 'இதில் என்ன பிழை?' என்று கேட்க வேண்டும். மரம் ஒரு பக்கம் சாய்கிறது, புகை மறு பக்கம் போகிறது, அதுதான் பிழை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை ஒன்று அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "வீட்ல ஆளே இல்ல டீச்சர். எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க. அடுப்ப அணைக்காம போயிட்டாங்க" என்றது. விடைத்தாளின்படி அதற்குப் பூச்சியம். எனக்கு முழுப் புள்ளி போடத் தோன்றியது. போடவில்லை.

உங்கள் மருமகனையும் விடவில்லை. மை சிந்தின மாதிரி சில படங்கள் உண்டு, அதில் என்ன தெரிகிறது என்று கேட்டால் ஆளின் மனம் வெளியே வருமாம். தபால் கந்தோர் விட்டு வந்த மனிதரை உட்கார வைத்துக் கேட்டேன். எல்லாப் படத்துக்கும் "அட்டை" என்றார். "ரத்தம் குடிச்ச அட்டை, ரத்தம் குடிக்காத அட்டை." கடைசிப் படத்தை மட்டும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இது ஒங்க பெரியம்மா" என்றார். நீங்கள் அன்று அங்கே இருந்திருந்தால் பெரியம்மாவின் பெயரைக் கேட்டதும் ஜெபப் புத்தகத்தைத் தேடியிருப்பீர்கள்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாத பாடம் ஒன்று இருந்தது. நேர்காணல்.

அதில் அடிப்படையே இதுதான்: வந்தவர் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. 'இப்படிச் செய்' என்று வாயைத் திறக்கவே கூடாது. அவர் சொன்னதில் என்ன வருத்தம், என்ன பயம் இருக்கிறதோ அதை அவருக்கே மெதுவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு, ஊரில் யார் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பது வரை கேட்காமலே சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

முடிவெடுக்க முடியாமல் தவிக்கிற ஒரு மாணவரைப் பிடித்து, வாரா வாரம் நேர்காணல் செய்து, அறிக்கை எழுத வேண்டும். நான் முதலில் பிடித்தது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளையை. ஒரு நாற்காலியில் அதை உட்கார வைத்து, எதிரே நான் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப ஒனக்கு மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"பசிக்குது டீச்சர்."

"பசியா இருக்குன்னு ஒனக்குத் தோணுது."

அந்தப் பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. "ஆமா டீச்சர். அதான் சொன்னேன்."

ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். அது பாடத்தில் இல்லை. இரண்டு மூன்று வாரம் வந்தது. பிறகு குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் போய்விட்டது. அந்தக் காலத்தில் வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் ஒவ்வொரு திங்களும் ஒரு குரல் குறைந்திருக்கும். அறிக்கைக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு ஆள் வேண்டும். முடிவெடுக்க முடியாத ஆள்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் குடும்பம் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போய்விட எழுதிக் கொடுத்து, பாஸ்போட்டும் வந்திருந்தது. கல்யாணம் கட்டிய வகையில் எனக்கு இங்கத்தைய பிரஜாவுரிமை. நீங்கள் ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்டத்தில் அண்ணனோடுதான் இருந்தீர்கள். தேயிலைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்ந்து, வாராவாரம் பஸ்ஸில் இறங்கி வந்து, பூசை பார்த்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, மாலை பஸ்ஸுக்குத் திரும்புவீர்கள். அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "அப்பா எங்ககூட வாராரா, இல்ல ஒங்ககூட நிக்கிறாரா? சொன்னாத்தான் நான் பேரச் சேக்கலாம்." நீங்கள் பதிலே சொல்லவில்லை. அண்ணி கேட்டால் "பாப்போம்" என்பீர்கள். நான் கேட்டால் "சாப்பாடு நல்லாருக்கு" என்பீர்கள்.

அறிக்கைக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? பிள்ளை அல்ல என்பதுதான் குறை. அதை மேஜையில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டேன். நடுவில் மேஜை இருக்கக் கூடாது என்பதால் மேஜையைச் சமையலறைக்குத் தள்ளினேன், உங்கள் மருமகன் அதில் இடித்துக்கொண்டு கத்தினார். நீங்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, இண்டர்வியூவா? முன்னமே சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டுட்டு வந்திருப்பேனே" என்றீர்கள்.

"சும்மாதாம்ப்பா. பேசலாம்னு."

"பேசலாம்னா?" உங்களுக்கு ஆச்சரியம். இந்த வீட்டில் நான் பேசாத நேரமே கிடையாது. உங்கள் பேச்சைக் கேட்கிற நேரம்தான் கிடையாது.

வகுப்பில் நான் பேசினால் அடுத்த வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடக்கும். அந்தக் குரலை மடக்கி வைத்துக்கொண்டு, பாடத்தில் சொன்ன மாதிரி மெல்ல, இதமாக, கோவிலில் பக்கத்து ஆளோடு பேசுவது போலப் பேசினேன். நீங்கள் நாற்காலியில் முன்னால் சாய்ந்து என் வாயையே பார்த்தீர்கள். 'மா. முன்னால் சாய்ந்து அமர்கிறான். நம்பிக்கை உண்டாகிவிட்டது' என்று அன்றே குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசினீர்களே, அப்பா. அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று மழையில் நனைந்து, இரவல் கோட்டோடு போய் நின்றது. அம்மா போன பிறகு அண்ணி போடும் டீயில் ஒரு குறையும் இல்லை என்றாலும் குடித்த மாதிரியே இல்லை என்றது. தோட்டத்துத் துரை மாறும்போதெல்லாம் தொழிற்சாலையில் சுவருக்கு வேறு வேறு நிறம் பூசியது. நான் பிறந்து இத்தனை காலத்தில் இவையெல்லாம் எனக்குத் தெரியாது. நடுவில் நான் பாடத்தின்படி, மெதுவாக, "அது ஒங்களுக்கு ரொம்ப வருத்தமா இருந்திருக்கும்" என்பேன். நீங்கள் கொஞ்சம் நிதானித்து, "ஆமா, அந்தப் பக்கம் மழை ஜாஸ்திதான்" என்பீர்கள். 'உணர்ச்சியைத் தொட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறான்' என்று எழுதினேன். விரிவுரையாளர் பின்னால் அதன் கீழ் சிவப்பில் கோடு போட்டு, 'கூர்மையான அவதானிப்பு' என்று எழுதியிருந்தார்.

அடுத்த ஞாயிறு நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தீர்கள். பூசைக்காக என்று நினைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டபோதுதான், பூசைக்காக அல்ல என்று புரிந்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தது இதற்குப் பயந்துதான்.

வெளியே மழை விட்டிருந்தது. நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். அன்று கதை ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே, "ஒங்கண்ணன் இந்தக் கெழமைக்குள்ள சொல்லச் சொல்றான்" என்றீர்கள். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதும் ஒரு முறை. நீங்கள் தரையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"நான் போகவா பாப்பா, இருக்கவா?"

நம் ஆட்களுக்குள் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்தவர் எழும்பி 'போயிட்டு வாரேன்' என்றால், அது போவதற்காகச் சொல்வதா? 'இருங்க, என்ன அவசரம், டீ குடிச்சிட்டுப் போகலாம்' என்று சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்பார். மறுபடியும் சொல்ல வேண்டும். கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். நான் சீட்டுக் காசு கேட்டு வருகிறவளுக்கே சொல்வேன், 'இருங்க' என்று. வேதாகமம் விற்க வந்த வெள்ளைக்காரனுக்குச் சொல்லியிருக்கிறேன், பாஷை தெரியாமல் அவனும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

உங்களுக்குச் சொல்லவில்லை.

பாடத்தில் இருந்த குரலில், பாடத்தில் இருந்த முகத்தோடு, "போறதா இருக்கிறதான்னு ஒங்களுக்கு ரெண்டு மனசா இருக்கு" என்றேன்.

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு தலையை ஆட்டி, "சரி" என்றீர்கள். அவ்வளவுதான். எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, மருமகனோடு பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள்.

பழியை முழுக்கப் பாடத்தின் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். உங்களுக்கு என்னைத் தெரியும். அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். 'இருங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே, இப்போது சொல்லிவிட்டால் முடிவு நான் சொன்ன முடிவாகிவிடும், அறிக்கை கெட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து இன்னொரு ஆளைப் பிடிக்க வேண்டும் என்றும் வந்தது. அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்பா எங்கே போகப்போகிறார்? இன்னொன்றும் வந்தது. பின்னறையில் இருக்கிற தையல் மெஷினை எங்கே வைப்பது என்று. ஒரே ஒரு நொடிதான். ஆனால் வந்தது.

பஜாரில் ஹமீது நானாவின் புடவைக் கடைக்குப் போனபோது அவருக்கு விஷயம் முன்னமே தெரிந்திருந்தது. பதுளையில் எனக்கு முன்னால் ஒரு செய்தி தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

"என்ன டீச்சர், அப்பா இந்தியாவுக்குப் போறாராம்?"

"அது அவர் எடுக்க வேண்டிய முடிவு நானா. நாம அதுல தலையிடக் கூடாது."

நானா துணியை மடிப்பதை நிறுத்தினார். "தலையிடக் கூடாதா? ஒண்ணும் வாங்காம எறங்கிப் போற ஆளையே நாங்க, 'இருங்க, புது சரக்கு வந்திருக்கு, பாத்துட்டுப் போங்க'ன்னு கூப்புடுறோம். அது வியாபாரம். நீங்க பெத்த அப்பாவ ஒரு பேச்சு கூப்புடலியா?"

"நானா, அது ஒரு முறை. படிப்புல அப்படித்தான்."

"அப்ப சரி" என்றார். "நான் படிக்கல்ல." சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஒரு கம்பளியை எடுத்துப் போட்டார். "அந்தப் பக்கமும் குளிராம். அப்பாவுக்குக் குடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே கம்பளியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன்பின் வந்த ஞாயிறுகளில் நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். உங்களைப் பதினான்கு வயதாக்கும் வேலை. நீங்கள் சாப்பிட்டு, கை கழுவி, இஸ்திரிச் சட்டையோடு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். எதிர் நாற்காலியில் என் தாள்கள் கிடந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன பாப்பா, இன்னைக்கு இல்லியா?" என்று கேட்டீர்கள்.

"அது முடிஞ்சிருச்சுப்பா. நீங்க உள்ள போய்ப் படுங்க" என்று சமையலறையிலிருந்து சத்தம் போட்டேன்.

நீங்கள் படுக்கவில்லை. பஸ் நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை அப்பா. போனதைக்கூட ஒரு வழியாக நினைத்துவிடுகிறேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமல், நீங்கள் உட்கார்ந்திருந்ததை நினைக்கப் பார்த்தால் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவ வேண்டியிருக்கிறது.

கண்டியில் வாய்மொழிப் பரீட்சை. விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இந்தப் பையன் வயசுக்கு மீறிய பக்குவத்தோட பேசுறான். தோட்டத்துப் பிள்ளைகள் சீக்கிரமா முதிர்ந்திடுறாங்க" என்றார். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பி, "ஒரு இடத்தில 'ஓய்வூதியம் இல்லாத கவலை'ன்னு இருக்கே, அது என்ன?" என்றார். "வீட்ல பெரியவங்க பேசிறதக் கேட்டுச் சொல்றான் சேர்" என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். முடிவைப் பையனே எடுத்திருக்கிறான், ஆலோசகர் ஒரு சொல்லாலும் அவனைத் தள்ளவோ இழுக்கவோ இல்லை, நேர்காணல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிறகு வகுப்புக்கும் வாசித்துக் காட்டினார். இளசுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்த கையோடு ஸ்பிரிங்வெளிக்குப் பஸ் ஏறினேன். இப்போது சொல்லலாம், இப்போது யாரும் புள்ளி குறைக்க மாட்டார்கள் என்று. லயத்து வீட்டு வாசலில் அண்ணி பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "வா, நல்ல நேரத்துக்கு வந்த, இத இறுக்கிப் பிடி" என்றார். உங்கள் பெயரைச் சேர்த்து, எல்லாம் முத்திரை குத்தி வந்துவிட்டது. நான் கயிற்றைப் பிடித்தேன். என் கையாலேயே இறுக்கிப் பிடித்தேன்.

அன்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அண்ணன் திட்டியிருப்பான், கந்தோருக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். ஆனால் நீங்கள் கேட்டிருப்பீர்கள் அல்லவா, உங்களை ஒருத்தி இருக்கச் சொன்னதை?

பதுளை ஸ்டேஷனில் தோட்டமே வந்து அழுதது. கோச்சியில் ஏறினவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். நான் மட்டும் நிதானமாக நின்றேன். படித்தவள் அல்லவா. நீங்கள் ஹமீது நானாவின் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலால் கையை நீட்டி என் தலையைத் தொட்டீர்கள்.

"மார்க் வந்துருச்சா பாப்பா?"

நான் உங்களிடம் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. யார் சொன்னார்கள்? உங்கள் மருமகனா? இல்லை, அந்த மேஜை இல்லாத அறையைப் பார்த்த முதல் நாளே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துகொண்டுதான் வாராவாரம் சட்டைக்கு இஸ்திரி போட்டீர்களா?

"வந்துருச்சுப்பா" என்று கத்தினேன். "மொதலாவது."

"நல்லது, நல்லது" என்றீர்கள். கோச்சி போய்விட்டது.

கூடலூரிலிருந்து உங்கள் நீலக் கடிதங்கள் வந்தன. குளிர் நம் ஊர்க் குளிர் மாதிரியே இருக்கிறது, தேயிலையும் இருக்கிறது, ஆனால் ஆட்கள் நம்மைச் சிலோன்காரர் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு தந்தி வந்தது. கந்தோரில் அதை எடுத்ததும் உங்கள் மருமகன்தான், வெயிலில் வீட்டுக்கு நடந்து கொண்டுவந்ததும் அவர்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் வரவில்லை. வர முடிந்திருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் பஜார் எரிந்தபோது, 'நல்ல வேளை, ஒங்கப்பா இந்தியாவுக்குப் போயிட்டாரு' என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கொஞ்ச காலம் அந்த ஆறுதலை நானும் வசதியாக வைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எங்களைத் தன் வீட்டுப் பின்னறையில் வைத்திருந்தது ஹமீது நானா. கொஞ்சம் அடங்கியதும், "நாங்க போகவா நானா?" என்று கேட்டேன். "இருங்க டீச்சர், இப்ப என்ன அவசரம்?" என்றார். நான் அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது எனக்குப் பாடசாலையில் ஒரு அறை உண்டு அப்பா. அறை என்றால், விளையாட்டுச் சாமான் அறை. பழைய வலைக்கும் பந்து மூட்டைக்கும் நடுவில் இரண்டு நாற்காலி. பிள்ளைகள் வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் பாடத்துக்குத் தப்பி வருகிறார்கள், அதுவும் ஒரு மனக்குறைதானே. சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒன்று வந்து, "நாளைல இருந்து கொழுந்தெடுக்கப் போகட்டா டீச்சர், இல்ல படிக்கட்டா?" என்று கேட்டது. என் வாய் பழக்கத்தில், "ஒனக்கு ரெண்டு மனசா இருக்கு" என்றது. பிள்ளை தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே போனது. விறாந்தையின் கோடிக்குப் போய்விட்டது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கதவுக்கு ஓடிப்போய், "ஏய், போகாத. நீ இங்கயே இரு" என்று கத்தினேன். விளையாட்டு மாஸ்டர் கையிலிருந்த பந்தைக் கீழே போட்டுவிட்டார்.

பிள்ளை திரும்பி வந்தது. "ஏன் டீச்சர், இத அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றது.

அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

அடுத்த மாதம் கண்டியில் புதிய பிள்ளைகள் அந்தப் படிப்புக்கு வருகிறார்கள். 'மா.'வைப் பற்றிய அறிக்கையைத்தான் இன்னும் மாதிரியாகக் கொடுக்கிறார்களாம். நேர்காணலைப் பற்றி வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன். அந்தப் பையனுக்கு மீசை இருந்தது, முழங்கால் வலித்தது, அவன் என் அப்பா என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். டிப்ளோமாவைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, கிழிக்காமல் எடுக்க வேண்டும். இனி என்னிடம் வந்து 'போகவா' என்று யார் கேட்டாலும் முதலில் 'இரு' என்று சொல்லுவேன். மற்றதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்கிறேன். இது சத்தியம்.

உங்களை இருக்கச் சொல்லாத உங்கள் ஒரே மகள்,
பாப்பா

பி.கு.: எழுதி முடித்து இதை உங்கள் மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். சாய்ந்து படுத்தபடி முழுக்கக் கேட்டார். கடைசியில், "எல்லாஞ் சரி, மாமாவுக்குத்தான் மெதுவா பேசினா காது கேக்காதே" என்றார். "அத்தன வருசம் தொழிற்சாலையில ரோலர் மெஷின் இரைச்சலுக்குப் பக்கத்துல நின்ன மனுசன். பஸ்ஸுக்குப் போறப்ப நான் கத்திக் கத்தித்தான் பேசுவேன். கேக்கலன்னா 'சரி'ன்னு சொல்லிருவாரு."